போனுக்கும் குனிய வேண்டும்

நாற்பத்து நான்கு வயதில் நான் கராத்தே வகுப்பில் சேர்ந்ததற்கு என் மகள்தான் காரணம். ஒன்பதாம் வகுப்பில் இருந்தவள், தோழிகள் எல்லாரும் சேர்கிறார்கள் என்று நச்சரித்துத் தானும் சேர்ந்தாள். பத்தே நாள்தான். பதினோராம் நாள் விடியற்காலையில் எழுப்பியபோது போர்வைக்குள்ளிருந்து, "எனக்குப் பதிலா நீ போயேம்மா" என்றாள்.

"போகமாட்டேன்னு நெனச்சியோ? இந்தா, போறேன் பாரு" என்று துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு கிளம்பினேன். கோபத்தில் நான் செய்த காரியங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

வகுப்பு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாதா கோயிலுக்குச் சொந்தமான கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் யாருக்கோ கல்யாணம் போல. பிரியாணி வாசனை இன்னும் போகவில்லை. தூண்களில் ஜரிகைக் காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் செருப்பை உதறிவிட்டு நேரே உள்ளே நடந்தேன்.

"நில்லுங்க. வெளிய போங்க" என்று ஒரு குரல்.

மாஸ்டர். இருபத்தேழு வயதுப் பெண். அப்பாவும் அண்ணன்மாரும் விசைப்படகுக்குப் போகிறவர்கள். இவள் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்தது கறுப்பு பெல்ட்டும், இடுப்பில் ஊன்றிய இரண்டு கைகளும் மட்டும்.

"செருப்பத் திருப்பி ஜோடியா வைங்க. போகையில காலு நேரா அதுக்குள்ள போகணும். பொறவு வாசல்ல நின்னு குனிஞ்சு வணங்கிட்டு உள்ள வாங்க."

நான் கோயிலில் நிற்பது போல இரண்டு கையையும் கூப்பினேன். "கை கூப்பக் கூடாது. தொடையோட ஒட்டி இருக்கட்டும். இடுப்புலயிருந்து குனியணும்." மூன்று முறை வெளியே போய் உள்ளே வந்தேன். மூன்றாவது முறைதான் அவள் தலையசைத்தாள்.

பெல்ட்டின் வரிசைப்படிதான் நிற்க வேண்டும். எனக்குக் கடைசி இடம். எனக்கு முன்னால் நின்ற மூன்றாம் வகுப்புச் சிறுமி திரும்பிப் பார்த்து, "ஆன்ட்டி, நான் உங்களுக்கு சீனியர்" என்று அறிவித்தாள். அவளுக்கும் குனிந்து வணங்கினேன். அவள் ரொம்பப் பெருமையாகத் திரும்ப வணங்கினாள்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்வதற்கு என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பிக்கொடுக்கும் ஓர் ஆபீசில் எனக்கு வேலை. கண்டெய்னருக்கான பேப்பர்களைத் தயார் செய்து, அது கப்பலுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் போனில் துரத்திக்கொண்டே இருப்பேன். துறைமுகத்துக்குள் போகும் முன் கண்டெய்னர் லாரிகள் ஒரு யார்டில் நிற்கும். அந்த யார்டின் கேட்டில் ஒரு சூப்பர்வைசர். ஆறு வருஷமாக அவருடன் எனக்குப் போனில் சண்டை. நேரில் பார்த்தது கிடையாது. காய்ந்த ஓலையைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது மாதிரி ஒரு குரல், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் எவ்வளவு கத்தினாலும் அந்தக் குரல் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும்: "பேப்பர் சரியில்லன்னா வண்டி உள்ள போகாது மேடம். கடவுளே வந்தாலும் போகாது."

எங்கள் ஆபீசில் என் குரலுக்கு ஒரு மரியாதை உண்டு. லாரிக்காரர்கள், ஏஜெண்டுகள், கிளார்க்குகள் என்று ஆண்களாகவே நிறைந்த இந்தத் தொழிலில் வந்த புதிதில் நான் மெதுவாகத்தான் பேசினேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. கத்த ஆரம்பித்தேன், வேலை நடந்தது. அப்படியே பழகிவிட்டது. "அக்கா போனை எடுத்தா ஹார்பர்லயே கேக்கும்" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

அந்த முதல் நாள் வகுப்பில், குத்துவதற்கு எண்ணிக்கை சொல்ல மஞ்சள் பெல்ட்காரர் ஒருவரை மாஸ்டர் கூப்பிட்டாள். ஐம்பது தாண்டிய மனிதர். பெரிய மீசை, சிறிய தொந்தி. ஜப்பான் எண்களை அவர் நம் ஊர் ராகத்தில் இழுத்தார். "இச்சீ... நீ... சான்..."

என் கை பாதியில் நின்றது. காய்ந்த ஓலை.

"கடவுளே வந்தாலும் போகாதா?" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன்.

அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். கண் விரிந்தது. என் குரல் அவருக்கும் மனப்பாடம்தானே. "ஏ யம்மா... ஆறு வருசமா என் காதுல கத்துதது நீங்கதானா?"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. மாஸ்டர் சிரிக்கவில்லை. எங்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, "ரெய்!" என்றாள். வணங்கு என்று அர்த்தம். குனிந்தோம். நான் அரைகுறையாக, அவர் மீசைக்குள் சிரித்தபடி.

அவரை வகுப்பில் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். ஊருக்குப் பக்கத்தில் புதுக்கோட்டை என்ற கிராமத்திலிருந்து தினமும் பைக்கில் வருகிறவர். சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். நடக்கப் போனால் வழியில் டீக்கடை வந்துவிடுகிறது, அதனால் கராத்தே. வகுப்பு முடிந்து அப்படியே யார்டுக்குப் போய்விடுவார்.

மூன்று வாரம் இப்படிப் போனது. காலை ஆறு மணிக்கு ஒருவரையொருவர் வணங்குவோம். பத்து மணிக்குப் போனில் கடித்துக் குதறுவோம். ஒரு நாள் சண்டை பத்து மணி வரைக்கும் பொறுக்கவில்லை. வகுப்பு முடிந்து மண்டபத்து வாசலில் வண்டியை எடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. முந்தின நாள் ஒரு லாரியை அவர் ஐந்து மணி நேரம் நிறுத்தி வைத்திருந்தார்.

"வேணும்னே செய்யுதீங்க அண்ணாச்சி!"

"நீங்க பேப்பர ஒழுங்கா அனுப்புங்க, நான் ஏன் நிறுத்துதேன்?"

கையில் தண்ணீர் பாட்டிலுடன் மாஸ்டர் வாசலில் வந்து நின்றதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

"இப்பத்தான உள்ள ஒருத்தருக்கொருத்தர் வணங்கினீங்க? வாசப்படியத் தாண்டினதும் அது செத்துப்போச்சோ?"

அங்கேயே அவள் தீர்ப்பும் சொன்னாள். அடுத்த பெல்ட் டெஸ்ட் வரைக்கும் நாங்கள் எங்கே பேசினாலும் முதலில் நின்று வணங்க வேண்டும். பேசி முடித்ததும் வணங்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேருக்கும் டெஸ்ட் கிடையாது.

"நாங்க பேசுதது போன்லலா மாஸ்டர்" என்றார் அண்ணாச்சி தப்பித்துக்கொள்ளும் குரலில்.

"அப்போ போன்ல வணங்குங்க."

"யாரு பார்க்கப்போறா?" என்று நான் கேட்டேன்.

"நீங்க பார்ப்பீங்கல்லா அக்கா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். மண்டபத்துக்குள் நான் அவளுக்கு 'ஒயிட் பெல்ட்'. படிக்கட்டு இறங்கினால் அக்கா.

அன்று பத்தரை மணிக்கு யார்டிலிருந்து போன் வந்தது. எடுத்து, வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

"மேடம், ஒரு நிமிசம்" என்றார் அண்ணாச்சி. "நான் எந்திச்சு நிக்கேன். நீங்க?"

சுற்றிலும் பார்த்தேன். ஆபீசில் எட்டுப் பேர். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, குதிகால்களைச் சேர்த்து, போனைக் காதில் வைத்தபடியே குனிந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். தனக்குத்தான் வணக்கம் என்று நினைத்துவிட்டார் போல. ஒரு விநாடி திகைத்து நின்றுவிட்டு, அவரும் பதிலுக்கு நன்றாகக் குனிந்து வணங்கிவிட்டுத் தன் அறைக்குப் போனார். எட்டுப் பேரும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

உடனே நான் மாறிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். முதல் வாரம் வணங்கிவிட்டுக் கத்தினேன். நடுவில் என்ன நடந்தால் என்ன, முன்னும் பின்னும் குனிந்தால் போதும் என்பது என் கணக்கு. ஆனால் குனிந்து நிமிர ஒரு மூச்சு பிடிக்கும். சொல்ல நினைத்த முதல் வார்த்தை அந்த ஒரு மூச்சுக்குள் சில நாள் மறந்துபோனது. முதல் வார்த்தை போனால் இரண்டாவதும் தடுமாறும். ஒரு நாள் வணங்கி நிமிர்ந்ததும், "சாப்ட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டுவைத்தேன்.

"சாப்ட்டேம்மா" என்றார். "ஆறு வருசத்துல இதத்தான் மொத வாட்டி கேட்டிருக்கீங்க."

வணங்கும் பழக்கம் மெல்ல மற்ற இடங்களுக்கும் தொற்றியது. வீட்டு வாசலில் எல்லார் செருப்பையும் திருப்பி ஜோடியாக வைத்தேன். தன் செருப்பைக் காணோம் என்று என் கணவர் இரண்டு நாள் தேடினார். வரிசைக்குள் அதை அவருக்கு அடையாளம் தெரியவில்லையாம். கணக்கில் மார்க் குறைந்ததற்காக மகளைத் திட்டப் போய், பழக்கதோஷத்தில் குனிந்துவிட்டேன். அவள் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். பிறகு எழுந்து அவளும் வணங்கினாள். அதற்கு மேல் திட்ட முடியவில்லை. இருவருமாக உட்கார்ந்து அந்தப் பேப்பரை முதல் கேள்வியிலிருந்து போட்டுப் பார்த்தோம்.

மீன் கடையிலும் அப்படித்தான். விளை மீனைக் கையில் வாங்கியதும் கூறு வைத்து மீன் விற்கும் அம்மாவுக்கு ஒரு வணக்கம் போட்டேன். அவர் எட்டிக் கீழே பார்த்தார். "ஏளா, எதுக்குக் குனியுத? மீன் கீழ விழுந்துட்டா?" என்றார். வணக்கம் என்று விளக்கினேன். பலகையில் கத்தியை வைத்துவிட்டு ஈரக்கையைச் சேலையில் துடைத்தார். "இத்தன வருசத்துல எனக்கு எவளும் வணக்கம் சொன்னதில்ல பாத்துக்க" என்று சொல்லி, இரண்டு சாளையைக் கூடுதலாகப் பையில் போட்டார். மறுநாள் முதல் என்னைத் தூரத்தில் பார்த்ததும் உட்கார்ந்தபடியே தலையைத் தாழ்த்துவார்.

எல்லாம் இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஐப்பசி மழையில் அந்த நாள் வந்தது.

நிலாவரை இலை ஏற்றிய கண்டெய்னர். மருந்துக்காக ஜெர்மனிக்குப் போவது. மதியம் இரண்டு மணிக்குள் துறைமுகத்துக்குள் போய்விட வேண்டும். தவறினால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த கப்பல் பத்து நாள் கழித்து. பதினொன்றரைக்கு லாரி டிரைவர் போன் செய்தார். கேட்டில் நிறுத்திவிட்டார்களாம், கண்டெய்னர் கதவில் போட்ட சீலின் நம்பர் பேப்பரோடு ஒத்துப்போகவில்லையாம். அண்ணாச்சிக்கு அடித்தேன். மழையில் லைன் கிடைக்கவில்லை. நாலு முறை, ஐந்து முறை. என் பழைய கோபமெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்தது. பைலை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வழி நெடுக, அவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். அதில் ஒன்றும் அச்சில் போடத் தகுந்தது இல்லை.

யார்டின் கேட்டுக்கு நான் நேரில் போனது அன்றுதான் முதல் தடவை. இருபது லாரிகள் வரிசையில் நின்றன. கணுக்கால் அளவு தண்ணீர். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு அண்ணாச்சி கேட் முன்னால் நின்றிருந்தார். நான் ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்திவிட்டுத் தண்ணீரை உதைத்துக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்ததும் டிரைவர்கள் கண்ணாடியை இறக்கினார்கள். நல்ல சண்டை ஒன்று வருகிறது என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது.

அவருக்கு இரண்டு எட்டு முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். அண்ணாச்சி தன் கால்களைக் குனிந்து பார்த்தார். தண்ணீருக்குள் அவருடைய இரண்டு பூட்ஸும் ஒன்று சேர்ந்தன.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது, சிரிப்பும் வந்தது. குதிகாலைச் சேர்த்தேன். கொட்டுகிற மழையில், இருபது லாரி பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் இடுப்பிலிருந்து குனிந்து வணங்கினோம். என் முதுகில் மழை தாளம் போட்டது.

"ஏலே, சினிமா எடுக்காவளோ?" என்று ஒரு டிரைவர் பின்னால் கேட்பது காதில் விழுந்தது.

நிமிர்ந்தபோது, வழியில் வரிசைப்படுத்தி வைத்திருந்த ஒரு வார்த்தையும் நாக்கில் இல்லை. "அண்ணாச்சி, எந்த நம்பர் ஒத்துப்போகலன்னு ஒருக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைக் கண்டெய்னரின் பின்பக்கம் கூட்டிப்போனார். சீலில் இருந்த எண்களை விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். நான் பையைப் பிரித்து என் பேப்பரைப் பார்த்தேன். கடைசி இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. டைப் செய்தது நான்தான். முந்தின நாள் சாயங்காலம், அவசரத்தில்.

அந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ முறை என் பக்கமும் தப்பு இருந்திருக்கும். ஒரு தடவைகூட அதைப் பார்க்கும் அளவுக்கு நான் சத்தத்தைக் குறைத்ததில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தப்பு என் மேலதான் அண்ணாச்சி. நம்பர மாத்தி அடிச்சிருக்கேன்."

டிரைவர்களுக்கெல்லாம் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். மெதுவாகப் பேச எனக்கு இன்னும் சரியாக வராது. இதோ இப்போது கேலி செய்யப்போகிறார் என்று காத்திருந்தேன். ஆறு வருஷத்துக் கடன், அவருக்கு அந்த உரிமை உண்டு. அவரோ மழைக்கோட்டின் பைக்குள்ளிருந்து கைக்குட்டை எடுத்து நீட்டினார். "மொதல்ல முகத்தத் தொடைங்க. பொறவு இங்கன வாங்க."

அவருடைய அறை கேட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. தன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். திருத்திய கடிதம் ஆபீசிலிருந்து முறையாக வந்தால்தான் வண்டியை விட முடியும். அதில் அவர் எள்ளளவும் வளையவில்லை. ஆனால் லாரியை வரிசையிலிருந்து விலக்கித் திருப்பி அனுப்பவும் இல்லை. ஓரமாக நிறுத்தி, இடத்தைப் பிடித்து வைத்தார். அவருடைய மேசைப் போனிலிருந்து எங்கள் ஆபீசைப் பிடித்தேன். "என்னக்கா, இவ்வளவு மெதுவாப் பேசுதீங்க? உடம்பு சரியில்லையா?" என்று அங்கே பயந்துபோனார்கள். முதலாளி கையெழுத்துப் போட்டு, கடிதம் மெயிலில் வந்து, அவருடைய பிரிண்டரிலிருந்து இறங்கியபோது மணி ஒன்றேகால்.

லாரி கேட்டைத் தாண்டியது. மறுபடியும் நாங்கள் எதிரெதிரே நின்றோம். குனிந்தோம். எங்கள் லாரி டிரைவர் ஸ்டியரிங் பிடித்தபடியே தலையை முன்னால் சாய்த்து ஒரு வணக்கம் போட்டார். அதைப் பார்த்துப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஹாரன் அடித்தார்கள். மழைக்குள் இருபது ஹாரன். ஒரு கல்யாண ஊர்வலத்துக்குக்கூட அவ்வளவு சத்தம் வந்து நான் கேட்டதில்லை.

கண்டெய்னர் ஒன்று ஐம்பதுக்கு உள்ளே போய்விட்டது என்று செய்தி வந்தபோது நான் இன்னும் ஈரச் சேலையோடு ஸ்கூட்டரில்தான் இருந்தேன். பைபாஸ் ஓரமாக நிறுத்தி, யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல், காற்றில் ஒரு குத்து விட்டேன்.

பெல்ட் டெஸ்ட் கார்த்திகையில் நடந்தது. என்னோடு சண்டை போட மாஸ்டர் யாரை நிறுத்துவாள் என்று எனக்கு முன்பே தெரியும். வணங்கி நிமிர்ந்ததும் அண்ணாச்சி தயங்கினார். "எப்படி மாஸ்டர் தங்கச்சிய அடிக்கது?" என்றார். அவர் அப்படிக் கேட்டுக்கொண்டு நின்ற இடைவெளியில் நான் அவர் தொந்தியில் ஒரு குத்து விட்டேன். லேசாகத்தான். "எம்மா!" என்று மடங்கி, தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். மூன்றாம் வகுப்பு சீனியர் கை தட்டினாள். நான் மஞ்சள் பெல்ட் வாங்கினேன், அவர் ஆரஞ்சு.

அன்று அண்ணாச்சியின் மனைவியும் வந்திருந்தார்கள். புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெரிய தூக்குவாளியோடு. உள்ளே எல்லாருக்கும் பணியாரம். என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"போன்ல கத்துத பொம்பள நீங்கதானா?"

ஆமாம் என்று தலையைக் குனிந்தேன்.

"வீட்டுக்கு வந்து தெனமும் உங்களப் பத்தித்தான் பொலம்புவாவ. இப்பக் கொஞ்ச நாளாப் பொலம்பலே இல்ல. எனக்குப் பொழுதே போகல தாயி" என்று சொல்லி, என் கையை இழுத்து இரண்டு பணியாரத்தை வைத்து அமுக்கினார்கள். பிறகு திரும்பி, மண்டபத்து மூலையில் பெல்ட்டுகளை மடித்துக்கொண்டிருந்த மாஸ்டரைப் பார்த்து உரக்கக் கேட்டார்கள்:

"ஏம்மா, சேலைக்கு மேலயே பெல்ட்டு கட்டலாமா, இல்ல அந்த வெள்ள டிரெஸ்ஸுதான் போடணுமா?"